வாசகர் கேள்வி – பதில்: அரசு ஆபீஸ் நெட்வொர்க் எப்போது ஐபிவி6-க்கு மாறும்?

அரசு அலுவலகங்கள் எல்லாம் ஐபிவி6 என்கிற புது இணைய நெறிமுறைக்கு சீக்கிரம் மாற வேண்டும் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கம்ப்யூட்டர் வந்த புதிதில் பட்ட பாடு எனக்குத் தெரியும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற நெட்வொர்க்கை இப்போது ஏன் தொட வேண்டும்?
– கோட்டையூர் வாசகர்

ஐயா, ஓடுகிறது என்பது சரி. நன்றாக ஓடுகிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

இணையத்தில் பேசுகிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் வேண்டும், அதைத்தான் ஐபி முகவரி என்கிறோம். இப்போது பெரும்பாலான அரசு ஆபீஸ்களில் ஓடுவது நான்காம் பதிப்பு, அதாவது ஐபிவி4. அதை 1981-ல் எழுதி முடித்தார்கள், 1983 ஜனவரி 1-ஆம் தேதி இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் முழுவதும் அதற்கு மாறியது. அதில் இருக்கிற மொத்த எண்கள் ஏறக்குறைய 429 கோடி. அந்தக் காலத்தில் அது கடல் போலத் தெரிந்திருக்கும், அதனால்தான் அமெரிக்காவின் எம்ஐடி என்கிற ஒரே ஒரு கல்வி நிறுவனத்துக்கு மட்டும் 1.67 கோடிக்கு மேல் எண்களைத் தூக்கிக் கொடுத்தார்கள். இன்றைக்கு உலக மக்கள்தொகையே 800 கோடியைத் தாண்டிவிட்டது, ஆளுக்கு ஒரு போன், வீட்டுக்கு ஒரு டிவி, கடைக்கு ரெண்டு கேமரா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2011 பிப்ரவரி 3-ஆம் தேதி இந்த எண்களின் உலகப் பொதுக் கையிருப்பு முழுவதும் பகிர்ந்து கொடுக்கப்பட்டு முடிந்தது. நம் ஆசியப் பகுதிக்கு எண்கள் கொடுக்கிற ஏபினிக் அமைப்பு அதே வருஷம் ஏப்ரல் 15-ல் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. இப்போது புதிதாக ஒரு நிறுவனம் போய்க் கேட்டால் 512 எண்களுக்கு மேல் கிடைக்காது. அதற்கு மேல் வேண்டுமென்றால் வைத்திருக்கிறவர்களிடம் விலைக்கு வாங்க வேண்டும். சர்வர்களை வாடகைக்கு விடுகிற அமேசான் கிளவுட் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. சின்னத் தொகைதான், ஆனால் வருஷத்துக்கு ஒரு முகவரிக்கு 43 டாலருக்கு மேல் வருகிறது. அரசுத் துறைகளும் வாடகை சர்வர்களில்தான் அதிகமாக ஓடப்போகின்றன என்றால் இது மக்கள் வரிப்பணம்.

அப்படியானால் எண் தீர்ந்த பிறகும் எப்படி ஓடுகிறது? நம் ஊர் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் ஒரே ஒரு கதவிலக்கம், உள்ளே வளவு என்கிற முற்றத்தைச் சுற்றி எத்தனையோ புள்ளிகள், அதாவது குடும்பங்கள். தபால்காரருக்குத் தெரிந்தது அந்த ஒரு இலக்கம்தான், வந்த கடிதத்தை எந்தப் புள்ளிக்கு என்று பார்த்துக் கொடுப்பது முகப்பில் உட்கார்ந்திருக்கிற கணக்குப்பிள்ளை. ரவுட்டர் செய்வது இந்தக் கணக்குப்பிள்ளை வேலையைத்தான், அதற்கு நாட் என்று பெயர். ஒரு வீட்டுக்கு இது போதும். ஊர் முழுவதையும் ஒரே கதவிலக்கத்துக்குள் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த கேள்வியே சாட்சி.

கேள்வி: இ-சேவை மையம் நடத்துகிறேன். காலையில் கடை திறந்ததும் சான்றிதழ் விண்ணப்பிக்கிற ஒரு அரசுத் தளத்தைத் திறந்தால் "அதிக முறை முயன்றுவிட்டீர்கள், பிறகு வாருங்கள்" என்று வருகிறது. நான் அப்போதுதான் முதல் தடவையாகத் திறக்கிறேன்! போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் உடனே திறக்கிறது. வாசலில் ஜனம் நிற்கிறது. என்ன செய்வது?
– பள்ளத்தூர் வாசகி

சகோதரி, இந்தக் கேள்வியை எழுதியதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஏனென்றால் இது யாரோ டெல்லியில் பேசிக்கொள்கிற தொழில்நுட்ப விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைப்புக் கொடுக்கிற நிறுவனம் அதற்கு என்ன முகவரி கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்குகிறது என்றால் உங்களுக்கென்று தனிப் பொது முகவரி கிடையாது. நிறுவனமே தன் பக்கம் ஒரு பெரிய நாட் வைத்து, பல சந்தாதாரர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறது. இதற்கென்றே 2012-ல் அந்த எண் வரிசையை ஒதுக்கி வைத்தார்கள்.

இப்போது அந்த அரசுத் தளத்தின் சர்வர் பக்கத்திலிருந்து யோசியுங்கள். அதை நடத்துகிறவர்கள் தாக்குதலுக்குப் பயந்து, ஒரு முகவரியிலிருந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை தடவைதான் வரலாம் என்று கட்டுப்பாடு வைத்திருப்பார்கள். அதைக் குறை சொல்ல முடியாது, வைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு முகவரிக்குப் பின்னால் பள்ளத்தூர், கானாடுகாத்தான், கொத்தமங்கலம் என்று நூறு வீடு இருக்கலாம், இன்னும் நாலு இ-சேவை மையம் இருக்கலாம். எல்லாரும் காலை பத்து மணிக்கு ஒரே தளத்துக்குப் போனால், சர்வருக்கு ஏதோ ஒரே ஆள் விடாமல் தட்டுவது மாதிரி தெரிகிறது, உடனே கதவை மூடிவிடுகிறது. உங்கள் ஹாட்ஸ்பாட் வேறு நிறுவனம், வேறு பாதை, அதனால் திறக்கிறது. உங்கள் விஷயத்தில் இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதே பங்கு முகவரியால் இன்னொரு சிக்கலும் உண்டு, அது எனக்கு இதைவிடக் கவலை தருகிறது. யாராவது ஒருவன் மோசடி செய்து சைபர் கிரைம் போலீஸ் அந்த முகவரியைத் தேடி வந்தால், முகவரி மட்டும் வைத்து ஆளைச் சொல்ல முடியாது. துல்லியமான நேரமும், ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டுகிற போர்ட் எண் என்கிற துணை எண்ணும் சேர்ந்து இருந்தால்தான் அது இன்ன சந்தாதாரர் என்று நிறுவனத்தால் சொல்ல முடியும். பல தளங்களின் பதிவேட்டில் போர்ட் எண்ணை எழுதி வைப்பதே இல்லை. சம்பந்தமில்லாதவர் மேல் சந்தேகம் விழுவதற்கு இதுவே போதும்.

ஐபிவி6-ல் எண் பஞ்சம் கிடையாது. 34 எழுதி அதற்குப் பின்னால் 37 சைபர் போட்டால் வருகிற அளவு எண்கள். உங்கள் கடைக்கென்றே தனித் தொகுப்பு கிடைக்கும், சர்வர் உங்களைத் தனியாக அடையாளம் காணும், பக்கத்து ஊர்க்காரர் செய்வதற்கு நீங்கள் வாசலில் ஜனத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இரண்டு முனையும் மாறினால்தான் இது நடக்கும். உங்களுக்கு இணைப்புக் கொடுப்பவர் ஐபிவி6 கொடுக்க வேண்டும், அரசுத் தளமும் ஐபிவி6-ல் கிடைக்க வேண்டும். மொபைல் பக்கம் நம் நாடு உண்மையிலேயே முன்னால் நிற்கிறது. 2016-ல் ஜியோ வந்ததிலிருந்து இந்திய மொபைல் போக்குவரத்து வேகமாக ஐபிவி6-க்கு மாறி, இன்றைக்கு நாட்டின் இணையப் பயனாளர்களில் பாதிக்கும் மேல் அதைப் பயன்படுத்துகிறார்கள். எதிர்முனையில் இருக்கிற தளம் பழையதிலேயே நின்றால் இந்த முன்னேற்றம் முழுவதும் அங்கே போய் வீணாகிறது, நடுவில் ஒரு மொழிமாற்றுக் கருவியைப் போட்டு போன்களைப் பழைய பாதைக்கு இறக்கிவிட வேண்டியிருக்கிறது. அரசுதான் முதலில் மாற வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அதுவரைக்கும் என்ன செய்வது என்று கேட்டீர்கள். இணைப்புக் கொடுப்பவரிடம் ஐபிவி6 திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். கூடவே தனிப் பொது முகவரியும் கேளுங்கள், பெரும்பாலும் தனிக் கட்டணம் இருக்கும். தளத்தின் உதவி மையத்துக்கும் நேரத்தைக் குறித்து, உங்கள் இணைப்பு வெளியே காட்டுகிற பொது ஐபி முகவரியோடு எழுதிப் போடுங்கள். "தளம் திறக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: நாலுக்கு அப்புறம் ஆறா? அஞ்சு எங்கே போச்சு?
– காரைக்குடி பொறியியல் மாணவர்

தம்பி, ஐந்து என்கிற எண்ணை ஸ்ட்ரீம் புரோட்டோகால் என்ற ஒரு சோதனை நெறிமுறைக்குக் கொடுத்துவிட்டார்கள். குரலையும் படத்தையும் தடங்கல் இல்லாமல் அனுப்புவதற்காகச் செய்து பார்த்தது அது, பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. எண் ஏற்கெனவே போய்விட்டதால் அடுத்தது ஆறு. இன்டர்வியூவில் இதைக் கேட்பவர்கள் உண்டு, ஆனால் ஐபிவி6-ன் 128 பிட் முகவரியைச் சுருக்கி எழுதுவது எப்படி என்று கற்றுக்கொள்ளுங்கள், வேலைக்கு அதுதான் உதவும்.

கேள்வி: இதற்கு அரசாங்கம் கெடு ஏதும் வைக்கவில்லையா? வெளிநாட்டில் எல்லாம் முடித்துவிட்டார்களா?
– தேவகோட்டை வாசகர்

வைத்தார்கள், ஒன்றுக்கு மேல் வைத்தார்கள். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையில் முதல் வழித்திட்டம் வெளியிட்டது, 2013 மார்ச்சில் இரண்டாவது. அந்த இரண்டாவதில் அரசு அமைப்புகள் எல்லாம் 2017 டிசம்பருக்குள் இரண்டு பதிப்பும் சேர்ந்து ஓடுகிற நிலைக்கு வர வேண்டும் என்று இருந்தது. அப்புறம் அந்தக் கெடு தள்ளிப்போய் 2022 ஜூன் 30 ஆனது. கெடு தள்ளிப்போனதை விட, தள்ளிப்போனது பொதுமக்களில் யாருக்கும் தெரியவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அமெரிக்காவின் அனுபவத்தில் நமக்குப் பாடம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். அங்கே 2005 ஆகஸ்டில் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம், எல்லா மத்திய அரசுத் துறைகளின் முதுகெலும்பு நெட்வொர்க்கும் 2008 ஜூனுக்குள் ஐபிவி6 சுமக்கத் தயாராக வேண்டும் என்று உத்தரவு போட்டது. துறைகள் அதைச் செய்து காட்டின. ஆனால் சுமக்கத் தயாராக இருப்பது ஒன்று, தினமும் சுமப்பது இன்னொன்று. சோதனை ஓட்டம் காட்டியதோடு சரி, மக்கள் பயன்படுத்துகிற தளங்கள் பழையபடியே இருந்தன. அதனால் 2010 செப்டம்பரில் மறுபடி ஒரு உத்தரவு. இந்தத் தடவை, பொதுமக்கள் பார்க்கிற தளங்களும் மின்னஞ்சலும் 2012 செப்டம்பருக்குள், உள்ளே ஊழியர் பயன்படுத்தும் கணினிகள் 2014 செப்டம்பருக்குள் என்று தெளிவாகப் பிரித்துச் சொன்னார்கள். அதோடு நிஸ்ட் என்கிற அவர்களுடைய தர நிர்ணய நிறுவனம், எந்தத் துறையின் தளம் மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று வெளிப்படையாகப் பட்டியல் போட ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என்னைக் கேட்டால், உத்தரவை விட இந்தப் பட்டியல்தான் வேலை வாங்கியது.

2020 நவம்பரில் அடுத்த படி. இரண்டையும் சேர்த்து ஓட்டிக்கொண்டே இருந்தால் செலவும் இரண்டு, பாதுகாப்பு வேலையும் இரண்டு என்பதால், இனி ஐபிவி6 மட்டும் என்று மாறச் சொன்னார்கள். துறைகளின் நெட்வொர்க்கில் இருக்கிற கருவிகளில் 2023 நிதியாண்டு முடிவுக்குள் 20 சதவீதம், 2024-க்குள் 50, 2025-க்குள் 80 என்று இலக்கு. செக் குடியரசு இன்னும் ஒரு படி போய், 2032 ஜூன் 6-ஆம் தேதியோடு அரசுச் சேவைகளை ஐபிவி4-ல் கொடுப்பதை நிறுத்துவதாக 2024 ஜனவரியில் அமைச்சரவையில் முடிவெடுத்தது. எட்டு வருஷத்துக்கு முன்பே தேதி சொல்லிவிட்டதால் அங்கே டெண்டர் போடுகிறவருக்கும் சாமான் விற்கிறவருக்கும் குழப்பம் இல்லை. நம் நாட்டில் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து இப்படி ஒரு தேதியை அறிவிக்க வேண்டும்.

கேள்வி: அரசு அலுவலகங்களுக்கு நெட்வொர்க் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். மாற்றச் சொல்லி வாய்மொழியாகச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது, எங்கே அடிபடும்?
– காரைக்குடி வாசகர்

அண்ணே, ரவுட்டரில் கை வைக்காதீர்கள். முதலில் ஒரு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி, பின்கட்டு, ஸ்டோர் ரூம் வரை நடந்து, ஐபி முகவரி வாங்கியிருக்கிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள். கம்ப்யூட்டர் பிரச்சினையே இல்லை, விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ஐபிவி6 அதில் இருக்கிறது. மாட்டிக்கொள்வது எல்லாம் ஓரத்தில் கிடக்கிற சாமான்கள்: பழைய நெட்வொர்க் பிரின்டர், விரல்ரேகை வருகைப்பதிவு மெஷின், சிசிடிவி ரெக்கார்டர், வாசலில் டோக்கன் கொடுக்கிற பெட்டி. இவற்றில் பலவற்றுக்கு ஐபிவி6 தெரியாது, புது மென்பொருளும் வராது. இவற்றைத் தனி வரிசையில் எழுதுங்கள், உடனே மாற்ற வேண்டாம், பழைய பாதையிலேயே தனியாக ஒதுக்கி வைத்து ஆயுள் முடிகிறபோது மாற்றலாம்.

அடுத்து ஒப்பந்தப் பத்திரம். இனி வாங்குகிற எந்தச் சாமானும் ஐபிவி6-ல் முழுதாக வேலை செய்ய வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி ஏற வேண்டும். "தயார்" என்ற வார்த்தையை ஏற்காதீர்கள், சோதனைச் சான்றைக் கேளுங்கள், ஐபிவி4-ஐ அணைத்துவிட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இல்லாமல் இன்றைக்கு வாங்குகிற சுவிட்ச் இன்னும் ஏழெட்டு வருஷத்துக்கு உங்கள் காலைக் கட்டும்.

முகவரித் திட்டத்தை நிதானமாகப் போடுங்கள். ஒரு வளாகத்துக்கு வழக்கமாக 48 பிட் முன்னொட்டு, அதாவது முகவரியின் மாறாத முன்பகுதி, கிடைக்கும், அதில் 65,536 தனிப் பிரிவுகள் போடலாம். பழைய பழக்கத்தில் எண்ணை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், ஒவ்வொரு பிரிவுக்கும் முழு 64 பிட் கொடுங்கள். தரைத்தளம், மாடி, கேமரா, பொதுமக்கள் வைஃபை என்று பார்த்ததும் புரிகிற மாதிரி எண்ணில் ஒழுங்கு வைத்தால் உங்களுக்குப் பின்னால் வருகிறவர் வாழ்த்துவார்.

பெரிய அடி விழுகிற இடம் ஃபயர்வால், அதாவது எதை உள்ளே விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பார்க்கிற காவல். ஐபிவி4-க்கு நூறு விதி எழுதி வைத்திருப்பார்கள், ஐபிவி6-க்கு ஒன்றுகூட இருக்காது, திறந்துவிட்ட அன்றைக்கே பின்கதவு திறந்து கிடக்கும். அதற்குப் பயந்து, கருவிகள் தங்களுக்குள் பிழைச் செய்தி சொல்லிக்கொள்கிற ஐசிஎம்பி முழுவதையும் அடைத்துவிடுகிறவர்களும் உண்டு, அது இன்னும் மோசம். ஐபிவி6-ல் பாக்கெட் என்கிற தகவல் துண்டு பெரிதாக இருந்தால் வழியில் இருக்கிற ரவுட்டர் அதை உடைக்காது, "பெரிதாக இருக்கிறது" என்று ஐசிஎம்பி வழியாகத்தான் திருப்பிச் சொல்லும். அந்தச் செய்தியை அடைத்தால் சின்னப் பக்கங்கள் திறக்கும், பெரிய கோப்பு பாதியில் தொங்கும், காரணம் தெரியாமல் நாள் கணக்கில் தேடுவீர்கள். "நாங்கள் இன்னும் ஐபிவி6 போடவே இல்லை" என்கிற ஆபீசுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. கணினிகளில் அது தானாகவே ஓடிக்கொண்டிருப்பதால், உள்ளே வருகிற ஒருவன் தன் லேப்டாப்பைச் சொருகி "நான்தான் ரவுட்டர்" என்று அறிவித்தால் மற்றவை நம்பிவிடும். சுவிட்சில் ஆர்ஏ கார்டு என்கிற காவல் வசதி இருந்தால் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

கடைசியாக யாரும் எதிர்பார்க்காத ஒன்று, உள்ளூரில் எழுதின மென்பொருள்கள். வருகைப்பதிவு, கோப்பு நடமாட்டம் மாதிரியான பழைய மென்பொருளின் டேட்டாபேஸில் ஐபி முகவரிக்கு 15 எழுத்துக்குத்தான் இடம் விட்டிருப்பார்கள், ஐபிவி4-க்கு அது போதும். ஐபிவி6 முகவரி 39 எழுத்து வரை போகும். உள்நுழைவுப் பதிவு பாதியில் வெட்டுப்பட்டு, சில இடங்களில் உள்ளேயே விடாது. ஒரு மேசையில் ரெண்டு கணினியை வைத்து, ஐபிவி4-ஐ அணைத்துவிட்டு, ஊழியர்களைத் தினசரி வேலையை அதில் செய்யச் சொல்லுங்கள். எது எது உடையும் என்ற பட்டியல் தானே வந்துவிடும்.

வாய்மொழி உத்தரவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அது நெட்வொர்க் சமாச்சாரம் இல்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டில் வெளியூர்க்காரர்களைத் தங்க வைக்கிறோம். வைஃபை, கேமரா எல்லாம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நேரடி முகவரி என்றால் யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாமே?
– கானாடுகாத்தான் வாசகி

ஆச்சி, முகவரி இருப்பதாலேயே கதவு திறந்திருக்கும் என்று அர்த்தமில்லை. உங்களைக் காப்பது ஃபயர்வால்தான், நாட் இல்லை. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும், உள்ளே இருந்து கேட்காத எதையும் வெளியிலிருந்து விடாது, ஐபிவி6-லும் அப்படித்தான். உங்கள் ரவுட்டரில் அந்த அமைப்பு ஐபிவி6-க்கும் போட்டிருக்கிறதா என்று மட்டும் போட்டுக்கொடுத்தவரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டுக்குள் இருக்கிற முகவரிகளின் எண்ணிக்கை மொத்த ஐபிவி4-ஐ விடப் பல கோடி மடங்கு என்பதால், ஒவ்வொன்றாகத் தட்டித் தேடுவதும் நடக்காத காரியம். போன்களும் கணினிகளும் தங்கள் வெளி முகவரியை அவ்வப்போது மாற்றிக்கொள்கின்றன. கேமராவின் பாஸ்வேர்டைப் பெட்டியில் வந்தபடியே விட்டிருந்தால் அதை இன்றைக்கே மாற்றுங்கள், எந்தப் பதிப்பாக இருந்தாலும் திருடன் வருவது அந்த வழியாகத்தான்.

கேள்வி: பூர்வீக வீட்டுக்கு வில்லங்கம் பார்க்க கோலாலம்பூரில் இருக்கிற என் தம்பி முயன்றால் தளம் திறப்பதே இல்லை, எனக்கு இங்கே திறக்கிறது. ஐபிவி6 வந்தால் சரியாகுமா?
– ஆத்தங்குடி வாசகர்

இது வேறு நோய். சில அரசுத் தளங்கள் வெளிநாட்டு முகவரிகளைப் பாதுகாப்புக்காகத் தடுத்து வைக்கின்றன, உங்கள் தம்பி விஷயம் அதுவாக இருக்கலாம். நெறிமுறை மாறினாலும் அந்தத் தடை இருக்கிற வரை திறக்காது. பங்காளிகள் பாதிப்பேர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஊர் நம்முடையது, நம் பக்கத்து மக்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கு அடையாளம் சரிபார்த்து உள்ளே விடுகிற வழி வேண்டும் என்று துறைக்குத் தனியாக எழுதுங்கள்.

கேள்வி: சாதாரண ஜனம் நாங்கள் இதில் என்ன செய்ய முடியும்?
– புதுவயல் வாசகர்

முதலில் உங்கள் போனில் பாருங்கள். அமைப்புகளில் போனைப் பற்றிய பகுதியில் ஐபி முகவரி இருக்கும். புள்ளி வைத்த சின்ன எண் மட்டும் இருந்தால் பழையது, நடுநடுவே முக்காற்புள்ளி மாதிரி இரட்டைப் புள்ளி வைத்து நீளமாக 2409 என்றோ 2401 என்றோ தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே ஐபிவி6-ல் இருக்கிறீர்கள். அப்புறம், நீங்கள் அடிக்கடி போகிற அரசுத் தளத்துக்கு ஐபிவி6 முகவரி இருக்கிறதா என்று கணினி தெரிந்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பெயரோடு நாலு ஏ (AAAA) பதிவு, அதாவது ஐபிவி6 முகவரியைச் சொல்கிற பதிவு, சேர்ந்திருக்கிறதா என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும், அரை நிமிஷ வேலை.

இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். மூன்று கேள்வி போதும். இந்தத் தளம் ஐபிவி6-ல் கிடைக்கிறதா, இல்லையென்றால் எந்தத் தேதிக்குள் கிடைக்கும், கடைசியாக வாங்கின நெட்வொர்க் சாமான்களின் டெண்டரில் ஐபிவி6 நிபந்தனை இருந்ததா. 30 நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலின் நகலை இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள், துறை வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறேன்.